குறைந்த ஃபாட்மேப் உணவுமுறையில் தாவர வெண்ணெயைத் தேர்ந்தெடுப்பது எப்படி

உப்புசமும் வயிற்று வலியும் தரும் சில மாவுச்சத்துகளைக் குறைப்பதற்கான குறைந்த ஃபாட்மேப் உணவுமுறையைத் தொடங்குபவர்கள் வெண்ணெய் விஷயத்தில் பெரும்பாலும் இரண்டு தவறான முடிவுகளில் ஒன்றுக்கு வருகிறார்கள். பால் சேராதது என்ற ஒரே காரணத்துக்காக எந்தத் தாவர வெண்ணெயும் தங்கள் குடலுக்கு ஏற்றது என்று நம்புவது ஒன்று. உட்பொருள் பட்டியலில் சோயா என்ற சொல்லைக் கண்டதுமே, அது எண்ணெயா, லெசித்தினா, முழுப் பயறிலிருந்து எடுத்த பாலா என்று பாராமல் அந்தப் பொருளையே ஒதுக்கிவிடுவது மற்றொன்று. தாவரமா விலங்கா என்ற கேள்விக்கும் ஃபாட்மேப் அளவுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஒரு தாவர வெண்ணெயில் எண்ணெய் அல்லாத பகுதியில் என்ன கலந்திருக்கிறது, அதை நீங்கள் ஒரு வேளைக்கு எவ்வளவு உண்கிறீர்கள் என்ற இரண்டையும் வைத்தே தேர்வு செய்ய வேண்டும்.

இதன் காரணம் ஃபாட்மேப் என்ற வகைப்பாட்டிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய இந்தப் பெயர், சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படாத சில குறுஞ்சங்கிலி மாவுச்சத்துகளை, அதாவது கார்போஹைட்ரேட்டுகளை, குறிக்கிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றில் உள்ள ஃபிரக்டான், பருப்பு வகைகளிலும் முந்திரியிலும் உள்ள காலாக்டோ-ஒலிகோசாக்கரைடு, பாலில் உள்ள லாக்டோஸ், குளுக்கோஸை விஞ்சிய அளவில் இருக்கும் ஃபிரக்டோஸ், சார்பிட்டால், மானிட்டால் போன்ற பாலியால்கள் (சர்க்கரை ஆல்கஹால்கள்) ஆகியவை இதில் அடங்கும். இவை குடலுக்குள் நீரை ஈர்ப்பதோடு, பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதிக்கப்பட்டு வாயுவையும் உண்டாக்குகின்றன. ஐ.பி.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் குடல் எரிச்சல் நோய்க்குறி உள்ளவர்களுக்கு அந்த நீரும் வாயுவுமே உப்புசமாகவும் வலியாகவும் வயிற்றுப்போக்காகவும் வெளிப்படுகின்றன. இந்தப் பட்டியலில் கொழுப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். தூய எண்ணெய் எதுவாயினும், அது சோயாவிலிருந்து வந்தாலும் அவகாடோவிலிருந்து வந்தாலும், அதில் ஃபாட்மேப் கிடையாது.

வாங்கப் புறப்படுவதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு. உங்களுக்கு வெண்ணெய்க்கு மாற்று உண்மையிலேயே தேவைதானா? பால் வெண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடு கொழுப்பும், எஞ்சியதில் பெரும்பகுதி நீரும் இருக்கின்றன. லாக்டோஸ் 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கும் குறைவே. ஆகவே ரொட்டியில் தடவும் அளவு வெண்ணெய் இந்த உணவுமுறையின் கடுமையான முதற்கட்டத்திலும் அனுமதிக்கப்படுகிறது. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள், விலங்குப் பொருட்களைத் தவிர்ப்பவர்கள், நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்கும்படி மருத்துவரால் அறிவுறுத்தப்பட்டவர்கள் ஆகியோருக்குத் தாவர மாற்று பொருளுள்ள தேடல். லாக்டோஸுக்கு அஞ்சி மட்டும் வெண்ணெயை விட்டவர்களுக்கு அந்த அச்சமே தேவையற்றது என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஏற்கெனவே பல உணவுகளைத் துறக்கச் சொல்லும் ஒரு முறையில், துறக்கத் தேவையில்லாத ஒன்றையும் சேர்த்துத் துறப்பது பட்டியலை நீட்டிக்கொள்வதாகவே முடியும்.

எண்ணெய் அல்லாத பகுதி

பெரும்பாலான தாவர வெண்ணெய்களின் உடல் எண்ணெய்க் கலவைதான். தேங்காய் எண்ணெய், பனை எண்ணெய், ஷியா வெண்ணெய் போன்றவை கெட்டித்தன்மையைத் தருகின்றன. சூரியகாந்தி, கனோலா, ஆலிவ் எண்ணெய்கள் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததும் தடவக்கூடிய மென்மையைத் தருகின்றன. இவற்றின் விகிதம் சுவையையும் கொழுப்பின் தரத்தையும் மாற்றுமே தவிர ஃபாட்மேப் அளவை மாற்றாது. நம் கவனம் முழுவதும் எஞ்சிய பகுதிமேல் இருக்க வேண்டும்.

அந்தப் பகுதி வெறும் நீராக இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. ஆனால் வெண்ணெயின் சுவைக்கு நெருங்கி வருவதற்காகப் பல தயாரிப்புகளில் நீருக்குப் பதிலாக ஏதேனும் ஒரு தாவரப் பால் அல்லது அரைத்த கொட்டை சேர்க்கப்படுகிறது. இவற்றுள் நான் முதலில் எச்சரிக்க விரும்புவது முந்திரியை. முந்திரியில் காலாக்டோ-ஒலிகோசாக்கரைடும் ஃபிரக்டானும் கணிசமாக உள்ளன. நுண்ணுயிரிகள் சேர்த்துப் புளிக்கவைத்த, கைவினைத் தயாரிப்பு என்று விற்கப்படும் விலை உயர்ந்த வகைகளில் முந்திரியே முதல் மூன்று உட்பொருட்களுள் ஒன்றாக இருப்பதுண்டு. புளிக்கவைப்பதால் ஃபாட்மேப் ஓரளவு குறையலாம். ஆனாலும் எவ்வளவு குறைந்தது என்பதைச் சோதனைக்கூடத்தில் அளந்தால்தான் அறிய முடியும் என்பதால், முதற்கட்டத்தில் இருப்பவர்கள் இவற்றைத் தள்ளிவைப்பதே முறை.

சோயாவின் நிலை அதன் வடிவத்தைப் பொறுத்தது. முழுச் சோயாப் பயறிலிருந்து எடுக்கப்பட்ட பாலில் காலாக்டோ-ஒலிகோசாக்கரைடு மிகுதி. சோயாப் புரதத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தயாரிக்கும் பாலில் அது மிகக் குறைவு. பட்டாணிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பிரித்தெடுத்த பட்டாணிப் புரதம் சிறு அளவில் சேர்ந்திருப்பது பொதுவாகப் பெரிய இடர் அல்ல, ஆனால் பட்டாணி மாவு என்று எழுதியிருந்தால் பயறின் மாவுச்சத்துகள் அதனுடனேயே வந்திருக்கின்றன என்று பொருள். பாதாம் பால் இந்த உணவுமுறைக்கு நன்கு ஒத்துவரும். ஓட்ஸ் பாலும் தேங்காய்ப் பாலும் அளவைப் பொறுத்தவை. கோப்பை கோப்பையாகக் குடிக்கும்போது சிக்கல் தரக்கூடிய இவை, வெண்ணெயில் ஓர் ஐந்தில் ஒரு பங்காகக் கலந்து, அதில் பத்து கிராமை மட்டும் நீங்கள் உண்ணும்போது மிகச் சிறிய அளவாகிவிடுகின்றன.

சிட்டையைக் கணக்கோடு படித்தல்

டப்பாவின் மேல் உள்ள சிட்டையில் உட்பொருட்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்படுகின்றன என்பதைப் பலரும் அறிவார்கள். அதைக்கொண்டு ஒரு பயனுள்ள கணக்கையும் போடலாம் என்பதைச் சிலரே அறிவார்கள். தாவர வெண்ணெயின் பட்டியலில் உப்பு ஏறக்குறைய எப்போதும் இருக்கும், அதன் அளவும் ஊட்டச்சத்து அட்டவணையில் கொடுக்கப்பட்டிருக்கும். சோடியமாகக் கொடுத்திருந்தால் அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமில் 1.2 கிராம் உப்பு என்றால், பட்டியலில் உப்புக்குப் பின் வரும் எந்தப் பொருளும் பெரும்பாலும் அந்த அளவுக்கு உட்பட்டதே. மிகச் சிறு அளவுப் பொருட்களை, அதாவது 2 விழுக்காட்டுக்குக் கீழ் உள்ளவற்றை, வரிசை மாற்றி எழுதப் பல நாடுகளின் விதிகள் இடம் தருகின்றன என்பதால், பாதுகாப்பாக 2 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 10 கிராம் வெண்ணெயில் அந்தப் பொருள் மிஞ்சிப்போனால் 0.2 கிராம்தான் இருக்க முடியும். பட்டாணிப் புரதமோ பாதாம் விழுதோ அந்த இடத்தில் இருந்தால், அதன் எடையில் ஒரு சிறு பங்கே ஃபாட்மேப் என்பதால் தயங்க வேண்டியதில்லை.

மோனாஷ் ஆய்வாளர்கள் வகுத்த எல்லைகளோடு இதை ஒப்பிட்டால் கணக்கின் பயன் விளங்கும். ஒரு பரிமாற்று அளவில் லாக்டோஸ் 1 கிராமுக்குக் கீழும், ஒலிகோசாக்கரைடுகள் (ஃபிரக்டானும் காலாக்டோ-ஒலிகோசாக்கரைடும்) தானியம், பருப்பு, கொட்டை வகைகளில் 0.3 கிராமுக்குக் கீழும், பிற உணவுகளில் 0.2 கிராமுக்குக் கீழும் இருந்தால் அது குறைந்த ஃபாட்மேப் உணவாகக் கொள்ளப்படுகிறது. எல்லை மிகச் சிறியது என்பதால்தான், தன் எடை முழுவதும் ஃபிரக்டானாகவே இருக்கும் ஒரு பொருளை மட்டும் நாம் வேறு விதமாக நடத்த வேண்டியிருக்கிறது. அது இனுலின்.

இனுலின் சிக்கரி வேரிலிருந்து எடுக்கப்படும் நார்ச்சத்து. நீரோடு சேரும்போது கொழுப்பைப் போன்ற வழவழப்பைத் தருவதால், கொழுப்பு குறைக்கப்பட்ட தடவு பொருட்களில் அது விரும்பிச் சேர்க்கப்படுகிறது. சிட்டையில் சிக்கரி வேர் நார், சிக்கரிச் சாறு, ஒலிகோஃபிரக்டோஸ் என்று வெவ்வேறு பெயர்களில் தோன்றலாம். எண்ணெயிலும் நீரிலும் நார்ச்சத்து இல்லை. எனவே ஒரு தாவர வெண்ணெயின் அட்டவணையில் நார்ச்சத்து என்ற வரியில் ஓர் எண் இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். எடுத்துக்காட்டாக, 100 கிராமில் 4 கிராம் நார் என்று இருந்து அது இனுலின் என்றும் தெரிந்தால், ஒரு ரொட்டித் துண்டில் தடவும் 10 கிராமிலேயே 0.4 கிராம் ஃபிரக்டான் சேர்ந்துவிடும். எல்லையைப் போல இரு மடங்கு அது. அந்த டப்பாவைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

இதன் மறுபக்கம் மகிழ்ச்சி தரக்கூடியது. ஃபாட்மேப் அனைத்தும் மாவுச்சத்து அல்லது அதன் உறவுப் பொருட்களே என்பதால், 100 கிராமுக்கு மாவுச்சத்தும் நார்ச்சத்தும் பூஜ்யம் என்று காட்டும் தாவர வெண்ணெயைப் பற்றி நீங்கள் அதற்கு மேல் ஆராய வேண்டிய தேவை அநேகமாக இல்லை. இங்கு 100 கிராமுக்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒரு பரிமாற்று அளவுக்கு அரை கிராமுக்குக் குறைவான மாவுச்சத்தைப் பூஜ்யம் என்று அச்சிட விதி இடமளிக்கிறது. பரிமாற்று அளவே 14 கிராம் என்று சிறிதாக இருக்கும்போது அந்தப் பூஜ்யத்துக்குள் 0.4 கிராம் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. அத்தகைய சிட்டையில் எண்ணை மட்டும் நம்பாமல் உட்பொருள் பட்டியலையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மோனாஷ் பல்கலைக்கழகத்தின் சான்று முத்திரையோ, ஃபாட்மேப் ஃபிரெண்ட்லி என்ற மற்றொரு சான்று முத்திரையோ இருந்தால் வேலை எளிது. முத்திரை இல்லாததாலேயே ஒரு பொருள் ஏற்றதல்ல என்று முடிவு செய்யக் கூடாது. சான்று பெறுவது உற்பத்தியாளரின் விருப்பம். தாவரம் சார்ந்தது, பால் அற்றது, கொலஸ்ட்ரால் அற்றது என்ற அறிவிப்புகள் இந்த விஷயத்தில் எதையும் சொல்வதில்லை.

வீணாக அஞ்சப்படும் பெயர்கள்

சோயா லெசித்தின், சூரியகாந்தி லெசித்தின் இரண்டும் எண்ணெயையும் நீரையும் பிணைத்து வைக்கும் கொழுப்புப் பொருட்கள். அவற்றைச் சோயாவுக்காகத் தவிர்ப்பது சோயா ஒவ்வாமை உள்ளவருக்கு மட்டுமே பொருந்தும். மோனோ, டைகிளிசரைடுகளும் அவ்வாறே கொழுப்பு வகையைச் சேர்ந்தவை. லாக்டிக் அமிலம் என்ற பெயர் லாக்டோஸை நினைவூட்டினாலும், அது ஓர் அமிலமே. தாவரச் சர்க்கரையை நொதிக்கச் செய்தே அது பெரும்பாலும் தயாரிக்கப்படுகிறது. நிறத்துக்குச் சேர்க்கும் பீட்டா கரோட்டின், அன்னாட்டோ, கெடாமல் காக்கும் பொட்டாசியம் சார்பேட், புளிப்புக்கான சிட்ரிக் அமிலம் ஆகிய எவையும் ஃபாட்மேப் அல்ல. மால்டோடெக்ஸ்ட்ரினும் மாற்றம் செய்யப்பட்ட ஸ்டார்ச்சும் சிறுகுடலிலேயே செரிக்கப்படுபவை. சிறிதளவு சர்க்கரையும் தடையல்ல.

உண்மையில் கவனிக்க வேண்டியவை சுவையூட்டப்பட்ட வகைகள். பூண்டு, மூலிகை என்று பெயரிட்ட தாவர வெண்ணெய்களில் பூண்டு விழுதோ தூளோ இருக்கும். பூண்டின் ஃபிரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால்தான் பூண்டை எண்ணெயில் காய்ச்சி, பூண்டைத் துளியும் விடாமல் வடித்தெடுத்த எண்ணெய் இந்த உணவுமுறையில் ஏற்கப்படுகிறது. தாவர வெண்ணெயிலோ நீரும் எண்ணெயும் கலந்தே இருக்கின்றன, பூண்டும் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே அந்த விதிவிலக்கு இதற்குப் பொருந்தாது. பூண்டு மணம் வேண்டுபவர்கள் சாதாரணத் தாவர வெண்ணெயில் பூண்டு எண்ணெயைக் கலந்துகொள்ளலாம். அதை வீட்டில் காய்ச்சினால் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும். பூண்டு சேர்ந்த எண்ணெயை வெளியில் வைத்தால் உயிருக்கே ஆபத்தான பாட்டுலிசம் நஞ்சு உருவாகும் வாய்ப்பு உண்டு. இனிப்புச் சுவையூட்டிய வகைகளில் தேன், நீலக்கற்றாழைப் பாகு, ஆப்பிள் அல்லது பேரிக்காய்ச் சாற்றுச் செறிவு ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்துத் தவிர்க்கவும்.

மார்ஜரின் என்ற பெயரை வைத்து அது தாவரப் பொருள் என்று முடிவு செய்ய வேண்டாம். 1869-இல் பிரான்சில் இப்போலித் மேஜ்-மூரியே என்ற வேதியியலாளர் அதை உருவாக்கியபோது அதன் மூலப்பொருள் மாட்டுக் கொழுப்பு. இன்றைய மார்ஜரின்கள் பெரும்பாலும் தாவர எண்ணெயால் ஆனவைதான் என்றாலும், சிலவற்றில் மோர்த் தூளோ பால் தூளோ சேர்க்கப்படுகிறது. ஃபாட்மேப் நோக்கில் அந்த அளவு பெரும்பாலும் சிறியது. பாலை முற்றிலும் தவிர்ப்பவர்களுக்கு அது முக்கியமான செய்தி.

எதற்காக வாங்குகிறீர்கள்

சமைக்க மட்டுமே வெண்ணெய் தேவை என்றால், தாவர வெண்ணெயை வாங்காமல் எண்ணெயையே பயன்படுத்துங்கள் என்பது என் பரிந்துரை. படிக்கச் சிட்டை இல்லை, ஐயப்பட உட்பொருள் இல்லை. நீர் மிகுந்த மென்மையான தடவு பொருட்கள் சூடான வாணலியில் தெறிக்கவும் செய்யும்.

அடுமனைப் பண்டங்களுக்கு 75 முதல் 80 விழுக்காடு கொழுப்புள்ள கட்டி வடிவ வகையே ஏற்றது. டப்பாவில் வரும் 40, 50 விழுக்காட்டு வகைகளில் நீர் அதிகம் என்பதால் பிஸ்கட்டுகள் பரவிவிடும், மாவு உதிராமல் இழுபடும். எண்ணெயைக்கொண்டே கேக் செய்ய விரும்பினால், 100 கிராம் வெண்ணெய்க்கு ஏறத்தாழ 80 கிராம் எண்ணெய் போதும். வெண்ணெய்க்குப் பதிலாகப் பழக்கூழைச் சேர்க்கும் குறிப்புகளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஆப்பிள் கூழில் மிகை ஃபிரக்டோஸும் சார்பிட்டாலும், உலர்ந்த பிளம்ஸில் சார்பிட்டாலும், பேரீச்சையில் ஃபிரக்டானும் உள்ளன. நன்கு கனிந்த வாழைப்பழத்திலும் ஃபிரக்டான் கூடுகிறது. கொழுப்பைக் குறைப்பதற்கு நல்ல வழியாகத் தோன்றும் இவையே இந்த உணவுமுறைக்கு மிகவும் பொருந்தாதவை. அவகாடோவை மசித்துத் தடவுவதும் அப்படியே அளவுக்கு உட்பட்டது. அதன் எண்ணெயில் எதுவும் இல்லையென்றாலும் சதையில் பெர்சீட்டால் என்ற பாலியால் இருக்கிறது. நிலக்கடலை வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி வரை ஏற்றது, முந்திரி வெண்ணெய் ஏற்றதல்ல.

வீட்டிலேயே செய்ய விரும்புபவர்களுக்கு ஓர் எளிய முறை உண்டு. மணமற்ற சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் 150 கிராமை உருகும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, வெதுவெதுப்பான நிலைக்கு ஆறவிட்டு, அதனுடன் 50 மில்லி சூரியகாந்தி அல்லது ஆலிவ் எண்ணெய், இனிப்புச் சேர்க்காத பாதாம் பால் 50 மில்லி, சூரியகாந்தி லெசித்தின் ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டி உப்பு, நிறத்துக்குச் சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்து மிக்சியில் நன்றாக அடித்து, உடனே குளிரவைத்தால் கெட்டிப்படும். எண்ணெய் சூடாக இருக்கும்போது அடித்தால் கலவை பிரிந்துவிடும். பாதாம் பால் இருப்பதால் ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. கொண்டைக்கடலை வேகவைத்த நீரைக்கொண்டு செய்யும் முறைகளும் பரவலாக உள்ளன. காலாக்டோ-ஒலிகோசாக்கரைடு நீரில் கரைந்து அந்த நீரில் இறங்கியிருக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்கவும்.

அளவும் சோதனையும்

சரியான பொருளைத் தேர்ந்தெடுத்த பின்னும் தொல்லை தொடர்ந்தால், ஃபாட்மேப்பைத் தேடி மீண்டும் சிட்டையைப் புரட்டுவதற்கு முன் கொழுப்பின் அளவைப் பாருங்கள். கொழுப்பு நொதிக்காது என்றாலும், உணவுக்குப் பின் பெருங்குடல் சுருங்கும் வேகத்தை அது கூட்டுகிறது, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. ஐ.பி.எஸ். உள்ள பலருக்கு வயிற்று வலிக்கும் உப்புசத்துக்கும் இதுவே காரணமாகிறது. ஒரு வேளைக்கு இரண்டு தேக்கரண்டி அளவில், ஏறத்தாழ 10 கிராமில், நின்றுகொள்வது பெரும்பாலோருக்கு நன்மை. தேங்காய் எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட வகைகளில் நிறைவுற்ற கொழுப்பு பால் வெண்ணெய்க்கு நிகராகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருக்கலாம் என்பதால், இதயநலம் கருதி மாறுபவர்கள் சூரியகாந்தி, கனோலா, ஆலிவ் எண்ணெய்கள் பட்டியலில் முதலில் நிற்கும் வகைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புதிய தாவர வெண்ணெயை அறிகுறிகள் அடங்கியிருக்கும் காலத்தில் தொடங்குங்கள், அந்த நாட்களில் வேறு புதிய உணவு எதையும் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ரொட்டியில் முதல் நாள் ஒரு தேக்கரண்டி, மறுநாள் இரண்டு, மூன்றாம் நாள் வழக்கமாக உண்ணும் முழு அளவு என்று கூட்டிப் பாருங்கள். அதே வேளையில் உண்ணும் பிறவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ரொட்டியில் கொஞ்சம், குழம்பில் கொஞ்சம், வெண்ணெயில் கொஞ்சம் என்று ஒரே வகை ஃபாட்மேப் சேரும்போது, தனித்தனியே எல்லைக்குள் இருந்தவை கூட்டாக எல்லையைத் தாண்டிவிடும்.

இந்த உணவுமுறையின் கட்டுப்பாட்டுக் கட்டம் இரண்டு முதல் ஆறு வாரங்களுக்கு மட்டுமே உரியது. அதன் பின் ஒவ்வொரு ஃபாட்மேப் வகையையும் தனித்தனியே திரும்பச் சேர்த்து, எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்று அறிய வேண்டும். இதை உணவியல் நிபுணரின் துணையோடு செய்வதே முறை. முதற்கட்டத்தில் நீங்கள் விலக்கிய முந்திரி வெண்ணெயும் இனுலின் சேர்ந்த தடவு பொருளும் அப்போது மறுபடி பரிசீலனைக்கு வருகின்றன. காலாக்டோ-ஒலிகோசாக்கரைடுச் சோதனையிலும் ஃபிரக்டான் சோதனையிலும் தொல்லையின்றித் தேறியவர் முந்திரி கலந்த வகையைச் சிறு அளவில் தொடங்கிப் பார்க்கலாம். ஃபிரக்டான் மட்டும் ஒத்துவராதவர் இனுலினைத் தொடர்ந்து தவிர்த்துக்கொண்டு, சோயாப் பால் அடிப்படையிலான வகைகளை முயன்று பார்க்கலாம்.